கழுதைக்குக் கொட்டகை இல்லை!

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, திருத்தணியை எட்டுவதற்கு முன்னால் வருகிறது கனகம்மாசத்திரம். ஊரின் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயரும் இருக்கிறது. நடந்து நடந்து கால் சலித்தவனுக்கு ஒரு திண்ணை, ஒரு பிடி சோறு, ஒரு குவளை நீர். இவ்வளவுதான் சத்திரம். சாதி கேட்ட சத்திரங்கள் நாட்டிலே உண்டு. அந்தக் கேட்டினை எதிர்த்து வளர்ந்ததே நம் இயக்கம். ஆனால் உண்டவனை நிறுத்தி வைத்து, "போட்ட சோற்றுக்கு வட்டி எங்கே?" என்று கேட்ட சத்திரம் ஒன்றும் இல்லை.

இந்த ஊரின் பக்கத்திலேதான் நாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறோம். ஆடிக் கிருத்திகை வந்தால் போதும், சாலை முழுதும் காவடி, ஒலிபெருக்கி, வண்ண விளக்கு, அன்னதானப் பந்தல். பந்தலுக்குப் பந்தல் உபயதாரர்களின் பெயர்ப் பலகை, அதிலே அவர்தம் படம், படத்திலே புன்னகை. பணம் இல்லாத ஊர் என்று இதை யாரும் சொல்ல முடியாது. பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

நம்மிடம் படித்துச் சென்ற இளைஞன் ஒருவன், சென்ற ஆண்டு ஒரு குறும்படம் எடுத்தான். பொதட்டூர்பேட்டைப் பக்கம் விசைத்தறி ஓட்டும் தன் தாயின் ஒரு நாளே படம். ஒளிப்பதிவுக் கருவி இரவல். நடித்தவர்கள் அண்டை வீட்டார். செலவுக்குப் பணம், தாயின் காதிலே கிடந்த கம்மல் அடகுக் கடைக்குப் போனதால் வந்தது. படம் முடிந்தது. காட்டுவது எங்கே? பக்கத்து நகரில் ஒரு திரையரங்கத்தாரிடம், ஆள் வராத காலைப் பொழுதிலே அரை மணி நேரம் கேட்டான். "இதற்கெல்லாம் யாரப்பா டிக்கெட் வாங்குவார்கள்? கல்யாண மண்டபம் பார்த்துக்கொள்" என்று பதில் வந்தது. முடிவில் தெருவிலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய வேட்டியில் படம் ஓடிற்று. நாற்பது பேர் பார்த்தனர். திரையிலே தறி இரைந்தபோது அந்தத் தாய், பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்: "இவ்ளோ சத்தத்துலயா நான் இருக்கேன்?"

முப்பது ஆண்டுகள் தறியின் முன்னே நின்றவள், தன் வாழ்வின் ஓசையை அன்றுதான் கேட்டாள். கலை செய்ய வேண்டிய வேலை இதுவன்றி வேறென்ன? அந்தப் பிள்ளை இப்போது, கம்பெனிப் பேருந்து ஏறி ஒரு தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போய் வருகிறான். அடுத்த படம் எப்போது என்று கேட்டோம். கம்மல் இன்னும் மீட்கவில்லை என்றான்.

அவனுக்குக் கிடைக்காமற் போனது ஒரு கொட்டகை. இது அவன் ஒருவன் கதையா? அல்ல, தோழர்களே! இதே தமிழ்நாட்டிலே, 1977-ஆம் ஆண்டில், ஒரு கழுதைக்கும் கொட்டகை கிடைக்கவில்லை.

கழுதை சொன்ன கதை

ஆம், ‘அக்கிரகாரத்தில் கழுதை’ என்ற படத்தைத்தான் கூறுகிறோம். இயக்கியவர் ஜான் ஆபிரகாம், மலையாள மண்ணின் மைந்தர். பூனா திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கின் மாணாக்கர். கதையுரை எழுதியவர் வெங்கட் சாமிநாதன். பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். கருப்பு வெள்ளைப் படம். தமிழிலே அந்த ஆண்டின் சிறந்த படம் என்று தேசிய விருதும் பெற்றது.

கதை இதுதான். தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்று, சென்னையிலே ஒரு கல்லூரிப் பேராசிரியர் வீட்டிற்குள் வந்து சேருகிறது. இரக்கமுடைய அவர் அதை வளர்க்கிறார். கல்லூரி நகைக்கிறது. வேறு வழியின்றித் தம் சொந்த ஊருக்கு, அக்கிரகாரத்திற்கு, அதைக் கொண்டு செல்கிறார். உமா என்ற ஊமைப் பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள். அன்று முதல் ஊரிலே எது கெட்டாலும் பழி கழுதையின் மேல்! ஏமாற்றப்பட்ட உமாவுக்குப் பிறந்த உயிரற்ற குழந்தை கோயில் வாயிலிலே கிடக்கிறது. குற்றம் செய்த மனிதனைத் தேடுவார் இல்லை. கழுதைதான் காரணம் என்று அடித்துக் கொல்கிறார்கள். கொன்ற பிறகு ஊரிலே ஏதேதோ நன்மைகள் நடக்கின்றனவாம். உடனே என்ன செய்கிறார்கள்? கொன்ற கழுதைக்குக் கோயில் எழுப்ப முடிவு செய்கிறார்கள்! இறுதியில் தீ மூளுகிறது, ஊர் எரிகிறது, பேராசிரியரும் உமாவும் எஞ்சுகிறார்கள்.

மூடநம்பிக்கை எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தமிழ்த் திரையிலே உண்டா? முதலில் பழி, அடுத்துக் கொலை, அதன் பின் அச்சம், அச்சத்தின் முடிவிலே கும்பிடு. நம் ஊர்ப்புறங்களிலே எத்தனை தெய்வங்கள் இப்படிக் கொலையுண்ட மனிதர்களாக இருந்து கோயில் கொண்டார்கள் என்பதை அறிந்தவர்கள், அந்தக் கழுதையைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்துபோக முடியாது.

குறை இல்லாத படமா? இல்லை. நடிகர் சிலர் மரம்போல் நிற்கின்றனர். வெட்டி ஒட்டிய விதத்திலே கரடுமுரடு உண்டு. சில காட்சிகளில் உவமை கதையைவிடப் பெரிதாகி, மனிதர்கள் மெலிந்துபோகின்றனர். தீயிலே ஊரை எரித்து முடித்துவிடுவது, சிந்தனைக்கு விடை சொல்வதைவிட எளிய வழி. எரிந்த ஊரின் நம்பிக்கை, எரியாத அடுத்த ஊரிலே வாழத்தான் செய்யும். சீர்திருத்தக் குரலும் அந்தக் குடியிலே பிறந்த ஒரு பேராசிரியரின் குரலாகவே ஒலிக்கிறது. இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் யாரிடம் சொல்வது? படத்தைப் பார்த்தவர்கள் இருந்தால் அல்லவா குறை நிறை பேச முடியும்? வழக்கமான முறையிலே தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு அந்தப் படம் வரவேயில்லை. தொலைக்காட்சியில் காட்டப்படும் என்று அறிவித்த தூர்தர்ஷனும் பின்னர் கைவிட்டது. ஜான் அதன் பின் தமிழிலே படம் எடுக்கவில்லை. 1987-இல், ஐம்பது வயதளவில், மறைந்தும் போனார்.

இங்கே நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். ‘வேலைக்காரி’யை 1949-லும், ‘பராசக்தி’யை 1952-லும் கொண்டாடியவர்கள் நாம். கோயிலிலே நடக்கும் கொடுமையைக் குணசேகரன் கேள்வி கேட்டபோது கொட்டகை அதிரக் கைதட்டியவர்கள் நாம். அதே கேள்வியைக் கேட்ட கழுதையை நாம் ஏன் தேடிப்போய்ப் பார்க்கவில்லை? வெங்கட் சாமிநாதன் நம் இயக்கத்தின் கலையைக் கடுமையாகச் சாடியவர் என்பதாலா? சாடட்டுமே! எழுதியவனின் வாயை அளந்து எழுத்தை எடைபோடுவது, பிறப்பை அளந்து மனிதனை எடைபோடுவதற்குத் தம்பி முறை அல்லவா? அல்லது வேறொரு காரணமா? குணசேகரன் பேசினான்; உமா பேசமாட்டாள்; கழுதையும் பேசாது. பேசிப் பேசியே உலகை அசைத்த நமக்கு, பேசாத படத்தைப் பார்க்கும் பொறுமை இல்லாமற் போயிற்றா? இந்தக் குற்றத்தில் பாதி நம்முடையது.

மறுபாதி பணத்தினுடையது.

பணம் போகும் பாதை

படம் ஒன்று பிறப்பது கதையிலே அல்ல, கடனிலே. வட்டிக்குப் பணம் தருபவர் முதலில் கேட்பது, "நடிகர் யார்?" என்பது. வாங்கி வெளியிடுபவர் கேட்பதும் அதையே. திரையரங்கத்தார் கேட்பதும் அதையே. மூன்று வாயில்களிலும் ஒரே கேள்வி. தெரிந்த முகம் இல்லாத படத்திற்கு ஒரு காலைக் காட்சி கிடைக்கும். திங்கட்கிழமை சுவரொட்டியின் மேல் வேறு சுவரொட்டி ஏறும். எண்மமுறை வந்தால் படச்சுருள் செலவு ஒழியும், சிறியவன் பிழைப்பான் என்றார்கள். படத்தைத் திரையிலே காட்டுவதற்கே வாரந்தோறும் கட்டணம் வந்து சேர்ந்தது. அந்தக் கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச்சில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் புதிய படங்களையே நிறுத்தி வைத்துப் போராட வேண்டியிருந்தது. பெரிய முதல் போட்டவர்களையே கலங்கவைத்த கட்டணம், அடகு வைத்த கம்மலோடு வந்தவனை என்ன செய்யும்?

‘பராசக்தி’யே எப்படி வந்தது? புதுமுகம் வேண்டாம், கணேசனை மாற்று என்று ஏவி.எம். தரப்பிலிருந்து அழுத்தம் வந்தபோது, மாற்றமாட்டேன் என்று நின்றவர் நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள். ஒரு தனிமனிதரின் உறுதி ஒரு பெருங்கலைஞனைத் தந்தது. ஆனால் ஒவ்வொரு கணேசனுக்கும் ஒரு பெருமாள் கிடைப்பார் என்று நம்பியிருப்பது, லாட்டரிச் சீட்டை நம்பியிருப்பது போன்றது. தனிமனிதரின் நல்ல மனம் முடிகிற இடத்திலே பொது நிறுவனம் தொடங்க வேண்டும்.

அதற்கு நாட்டிலே முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. சத்யஜித் ரே, மனைவியின் நகையை அடகு வைத்தும் முடிக்க முடியாமல் தவித்த ‘பதேர் பாஞ்சாலி’க்கு, மேற்கு வங்க அரசு பணம் தந்தது. எந்தக் கணக்கிலே எழுதுவது என்று தெரியாமல், படத்தின் பெயரிலே பாதை இருப்பதால் சாலைச் சீரமைப்புக் கணக்கிலே எழுதினார்களாம்! 1955-இல் வெளியான அந்தப் படம் உலகை இந்தியத் திரையின் பக்கம் திருப்பிற்று. எந்தச் சாலை அந்தச் செலவிலே அவ்வளவு தொலைவு போயிருக்கும்?

1960-இல் நடுவண் அரசு திரைப்பட நிதிக் கழகத்தை அமைத்தது. அதன் கடனுதவியால் மிருணாள் சென் 1969-இல் ‘புவன் ஷோம்’ எடுத்தார். அடூர் கோபாலகிருஷ்ணன் 1972-இல் ‘சுயம்வரம்’ எடுத்தார். பின்னர் வந்த தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம் தயாரித்த ‘மறுபக்கம்’, இந்திரா பார்த்தசாரதியின் கதையைக் கொண்டு சேதுமாதவன் இயக்கியது, தமிழுக்கு முதன்முதலாகத் தங்கத் தாமரையைக் கொண்டுவந்தது. விருதைப் பாராட்டிய நாம், தமிழின் முதல் தங்கத் தாமரை தமிழ்நாட்டு முதலிலே மலரவில்லை என்பதை எண்ணிப் பார்த்தோமா?

அரசு மட்டுமா தந்தது? மக்களும் தந்தார்கள். 1976-இல் ஷியாம் பெனகல் எடுத்த ‘மந்தன்’ படத்திற்குக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 இலட்சம் பேர், ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். பத்து இலட்சம் ரூபாய் சேர்ந்தது. படம் வெளியானபோது, போட்ட 2 ரூபாய்க்குத் தம் படத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தமிழிலே கழுதைக்கு இடம் கிடைக்காத அதே ஜான் ஆபிரகாம், 1984-இல் கோழிக்கோட்டிலே தோழர்களைச் சேர்த்து ‘ஒடேசா’ என்ற மக்கள் திரைப்பட அமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சென்று சாப்ளினின் படத்தைக் காட்டினார்கள், துண்டை ஏந்தினார்கள், விழுந்த சில்லறையைச் சேர்த்து 1986-இல் ‘அம்ம அறியான்’ படத்தை முடித்தார்கள். முடித்த படத்தை அதே ஊர்களுக்குத் திருப்பி எடுத்துச் சென்றார்கள். உண்டியல் என்றால் கோயிலில் மட்டும் இருக்க வேண்டும் என்று யார் விதித்தது?

தமிழிலும் இந்த வழி அறியாத வழி அல்ல. 1960-இல் நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’, பலர் பங்கு சேர்ந்து உருவான தொழிலாளர் படம். 1965-இல் ஜெயகாந்தன் பெரும்படாதிபதிகளை நாடாமல், பாட்டே இல்லாமல், சேரிக் குடிசையின் கதையை ‘உன்னைப்போல் ஒருவன்’ என்று எடுத்தார். இரண்டிற்கும் நடுவண் அரசின் நற்சான்றிதழ் கிடைத்தது. சான்றிதழ் சுவரிலே தொங்கிற்று. படம் கொட்டகையிலே நிலைக்கவில்லை. பாதை தெரிந்தது, பயணத்திற்குச் சத்திரம் இல்லை!

நம் அரசுகள் செய்தது என்ன?

1967-லிருந்து தமிழ்நாட்டை ஆண்ட இயக்கங்கள் திரையை நன்கு அறிந்தவை. கதை எழுதியவர் முதலமைச்சரானார், உரையாடல் எழுதியவர் முதலமைச்சரானார், நடித்தவர்களும் முதலமைச்சரானார்கள். இத்தகைய பேறு உலகிலே வேறு எந்தத் திரைக்கு வாய்த்தது? ஆகவே கேள்வியும் மற்றவர்களிடம் கேட்பதைவிடக் கடுமையாகத்தான் இருக்கும்.

ஒன்றும் செய்யவில்லை என்று கூறினால் அது பொய். குறைந்த செலவில் எடுக்கப்படும் தரமான படங்களுக்கு மானியத் திட்டம் உண்டு. படம் ஒன்றுக்கு 7 இலட்சம் ரூபாய் வரை வழங்கியதும் உண்டு. அரசே நடத்தும் திரைப்படக் கல்லூரி தரமணியிலே இருக்கிறது. 2007-இல் ‘பெரியார்’ படத்திற்கு அன்றைய அரசு 95 இலட்சம் ரூபாய் நல்கியது. நன்று செய்தார்கள். பகுத்தறிவுப் பகலவனின் வாழ்வைத் திரையிலே காணச் செய்ததற்கு நாம் நன்றி கூறுகிறோம்.

ஆனால் பெரியாரைப் பற்றிய படத்திற்குப் பணம் தருவது ஒன்று. பெரியார் கேட்ட கேள்விகளைக் கேட்கும் படத்திற்குப் பணம் தருவது மற்றொன்று. முதலாவது மாலை, இரண்டாவது விதை. மாலை போடுவதிலே நாம் வல்லவர்கள். விதைப்பதிலே?

2006-இல் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு வந்தது. மொழிப் பற்றின் அடையாளமாக அதை வரவேற்றோம். கணக்கைப் பார்த்தோமா? வரி என்பது வசூலிலே ஒரு பங்கு. நூறு கோடி வசூலித்தவனுக்கு விலக்கிலே கோடிகள் மிச்சம். ஒரு வாரம் ஓடி மறைந்தவனுக்குச் சில ஆயிரம் மிச்சம். கொட்டகையே கிடைக்காதவனுக்குச் சுழி! தமிழ்ப் பெயரைக் காத்தோம். தமிழ்ப் படத்தைக் காத்தோமா? பசித்தவனுக்குப் பந்தி இல்லை. உண்டவனுக்கு இரண்டாம் பந்தி. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபின் அந்தப் பழைய ஏற்பாடும் உருமாறிப் போயிற்று.

காலத்தாழ்வைச் சொல்லாமல் விட முடியாது. 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்கு மாநில அரசின் விருதுகள் 2017-இல் அறிவிக்கப்பட்டன. கைக்கு வந்தது 2022-இல். இடையிலே ஆட்சி மாறிற்று. விருது பெற்றவர்களின் தலை நரைத்தது. மானியமும் படம் முடிந்து, தணிக்கையாகி, வெளிவந்த பின்னரே என்றால், அது தாகத்தில் வீழ்ந்தவனுக்கு நீர் அல்ல, கரையேறியவனுக்குத் துண்டு. நாம் கூறிய இளைஞன் கரையேறவே இல்லையே!

இதன் விளைவு என்ன? கோவையிலே துணிக்கடை ஊழியன் ஒருவனின் ஒரு நாள். திலீப்குமாரின் தமிழ்ச் சிறுகதை. நடிப்பது தமிழர், பேசுவது தமிழ். ‘நசீர்’ என்ற அந்தப் படத்திற்கு, அருண் கார்த்திக் பொருளுதவி பெற்றது எங்கே? ஆலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரத் திரைப்பட விழாவின் உபர்ட் பால்ஸ் நிதியிலே! 2020-இல் அதே விழாவில் ஆசியப் படத்துக்கான விருதையும் பெற்றது. மறு ஆண்டு அதே விழாவிலே, மதுரைப் பக்கத்து வறண்ட பூமியை நடந்தே காட்டிய வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ தலைமைப் பரிசான புலி விருதை வென்றது. உக்கடத்துத் தமிழனின் துயரம் ஆலந்துக்காரனுக்குத் தெரிகிறது. அவனை வாழ்த்துவோம், ஆனால் நாணமும் கொள்வோம்.

‘தகுதி’ என்ற பழைய பாட்டு

அண்டை மாநிலத்தைப் பார்ப்போம். கேரளம் 1975-இல் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. அக்கழகத்திற்குச் சொந்தத் திரையரங்குகள் உண்டு. 2024 மார்ச்சில் இணையவழித் திரை ஒன்றையும் தொடங்கிற்று. அதைவிட முக்கியமானது: பெண் இயக்குநர்களுக்கும், பட்டியல் இனத்து, பழங்குடி இயக்குநர்களுக்கும் படம் ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் அளவில் பொருளுதவித் திட்டம். ‘பி 32 முதல் 44 வரை’, ‘விக்டோரியா’ முதலிய படங்கள் அந்தத் திட்டத்திலே பிறந்தன.

2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த திரைப்படக் கொள்கை மாநாட்டிலே, அடூர் கோபாலகிருஷ்ணன் இந்தத் திட்டத்தைக் குறித்துப் பேசினார். ஒன்றரைக் கோடி மிகுதி, அதை மூவருக்குப் பிரித்துக் கொடுக்கலாம், பெறுபவர்களுக்கு முதலில் வல்லுநர்களைக் கொண்டு மூன்று திங்கள் பயிற்சி தர வேண்டும் என்றார். அரங்கிலேயே எதிர்ப்பு எழுந்தது. யாரையும் இழிவுபடுத்த எண்ணவில்லை என்று பின்னர் அவர் விளக்கமும் தந்தார்.

அடூரின் கலையின் மேல் நமக்குப் பெருமதிப்பு உண்டு. அதனாலேயே கேட்கிறோம். பயிற்சி நல்லதுதான், பணத்திற்குக் கணக்குக் கேட்பதும் முறைதான். ஆனால், பயிற்சி எல்லோருக்கும் வேண்டும் என்று ஏன் கூறவில்லை? 1972-இல் அவருடைய முதல் படத்திற்குக் கடன் தந்தது பொதுப் பணம்தான். அன்று புதியவராக இருந்த அவரை நம்பிப் பணம் தரலாம் என்றால், இன்று புதிதாக வரும் சேரிப் பிள்ளையை நம்பத் தடை என்ன? ‘தகுதி, திறமை’ என்ற இந்தப் பாட்டை நாம் புதிதாகவா கேட்கிறோம்? வகுப்புவாரி உரிமை பேசிய காலத்திலே, கல்லூரிக் கதவுகளில் எல்லாம் இதே பாட்டுத்தான் ஒலித்தது. தண்ணீரில் இறங்கவிடாமல் கரையில் நிறுத்திவைத்து, "இவனுக்கு நீந்தத் தெரியவில்லை" என்று கைகொட்டிச் சிரித்தது ஒரு கூட்டம். தகுதி என்பது வாய்ப்பின் பிள்ளை. தாயைக் கொன்றுவிட்டுப் பிள்ளையைத் தேடுவார் உண்டோ?

இரண்டு எதிர்வாதங்கள்

"மக்கள் பார்க்காத படத்திற்கு மக்கள் பணமா?" என்பர் சிலர். மக்கள் பார்த்து வேண்டாம் என்றால் தலைவணங்கலாம்; காட்டாமலே வேண்டாம் என்று தீர்ப்பெழுதியது யார்? நூலகத்தில் எல்லா நூலையும் எல்லோரும் படிப்பதில்லை. அதற்காக நூலகத்தை மூடுவதில்லை.

"அரசுப் பணம் வாங்கினால் கலைஞன் அரசுக்கு அடிமையாகிவிடுவானே?" என்பர் வேறு சிலர். இந்த வாதம் வலுவுள்ளது. எம்.ஆர். இராதாவின் நாடகத்தை அடக்க 1954-இல் நாடகச் சட்டம் கொண்டு வந்ததும் ஓர் அரசுதான். அந்தச் சட்டம், இராதாவை விரும்பிய நம் ஆட்சிகளிலும் ஏட்டிலே கிடந்தது. 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம்தான் அதைச் செல்லாது என்றது! இராமேசுவரத்து மீனவர் துயரைச் சொன்ன லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ படத்திற்குத் தணிக்கைக் குழு அனுமதி மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சென்று வென்றார். 2021-இல் அந்தத் தீர்ப்பாயத்தையே நடுவண் அரசு ஒழித்துவிட்டது. இனி உயர்நீதிமன்றம்தான் படியேற வேண்டும். வழக்கறிஞர் கட்டணத்திற்கு எந்தக் கம்மலை விற்பது? மலம் அள்ளும் மனிதரின் கொடுமையைக் காட்டிய திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ படத்தைத் திரையிட 2017-இல் காவல்துறை தடுத்தது, வழக்கும் வந்தது. ஆளும் கை எதுவானாலும், உண்மை சுடும்போது கை பின்வாங்கத்தான் செய்யும்.

ஆகவே, பணம் அரசுடையதாக இருக்கலாம். முடிவு அமைச்சருடையதாக இருக்கக்கூடாது. தன்னாட்சி உடைய ஒரு கலை நிதியம் வேண்டும். எழுதும்போது ஒரு சிறு தொகை, எடுக்கும்போது ஒரு தொகை, முடிக்கத் தவிக்கும்போது ஒரு தொகை என்று, பசிக்கும் வேளையிலே சோறு போட வேண்டும். யாருக்கு, ஏன், எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் பங்கு எழுத்திலே இருக்க வேண்டும். மாவட்டத்திற்கு ஒரு சிறு திரையரங்கமாவது பொதுவுடைமையாக வேண்டும். மாவட்ட நூலகங்களின் கூடங்களே அதற்குத் தொடக்கமாகலாம். பூந்தமல்லி அருகே நவீன திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று 2024 சனவரியிலே அறிவிப்பு வந்தது. நகரம் அமையட்டும்; நாம் கேட்பது நகரம் அல்ல, திண்ணை! படத்துக்கு மட்டுமல்ல, விடியவிடியத் தெருக்கூத்து ஆடிவிட்டு மறுநாள் கூலி வேலைக்குப் போகும் நம் தொண்டை மண்டலத்துக் கூத்தருக்கும் அந்தத் திண்ணையிலே இடம் வேண்டும்.

நம் பங்கு

அரசு செய்யட்டும் என்று எழுதிவிட்டுக் கைகழுவுவது எளிது. நம் இயக்கத்து நாடகங்கள் அரசு மானியத்திலா வளர்ந்தன? ‘சந்திரோதயம்’ மேடையேறியபோதும், ‘சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்’ மேடையேறியபோதும் மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். பகை சூழ்ந்த நாளிலேயே பார்த்தார்கள். அவர்கள் ஏழைகள். நாம் அவர்களைவிட ஏழைகளா? ஒரு பிறந்தநாள் வண்ணப் பலகையின் செலவிலே ஒரு குறும்படத்தின் பாதி முடிந்துவிடும். படிப்பகந்தோறும் திங்களுக்கு ஒரு படம் காட்டுவோம். ‘அக்கிரகாரத்தில் கழுதை’யிலிருந்து தொடங்குவோம், பார்த்த பின் ஒரு மணி நேரம் பேசுவோம், வாயிலிலே துண்டை ஏந்துவோம், விழும் காசைப் படம் எடுக்கத் துடிக்கும் ஒரு பிள்ளையின் கையிலே கொடுப்போம்.

இதை எழுதுவதற்கு முன்னால் நாமும், நம்முடன் பணியாற்றும் ஆசிரியர் மூவரும், ஒரு மாலையிலே அடகுக் கடைக்குப் போய்வந்தோம். அந்தக் கம்மல் இப்போது அந்தத் தாயின் காதிலே இருக்கிறது. "சார், அடுத்த கதை தயார்" என்று பிள்ளை சொன்னான். இரவு வேலைக்குப் பேருந்து ஏறியபடியே சொன்னான். இது தீர்வு அல்ல என்பதை நாம் அறிவோம். நான்கு ஆசிரியர்களின் சம்பளத்தால் ஒரு நாட்டின் கலை வாழ்ந்துவிடாது.

வட்டி கேட்காத சத்திரம் நம் முன்னோர்க்குத் தெரிந்திருந்தது. சாதி கேட்காத சத்திரத்தை அவர்கள் கட்டத் தவறினார்கள். இரண்டையும் கேட்காத சத்திரம் ஒன்றைக் கலைக்குக் கட்டுவது நம் தலைமுறையின் கடன். சாலையோரத்தில் அந்தப் பிள்ளை காத்திருக்கிறான், கழுதையும் காத்திருக்கிறது.